இருபத்தொரு மாடித் தோசை

இருபத்தொரு மாடிக் கட்டடத்தில் பிடித்த தீயை ஒரே ஒரு தோசையால் அணைத்த ஆள் இந்தப் பூமி உருண்டையில் தான் ஒருவர்தான் என்று சென்னியப்பன் சொன்னார். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லையாம். சட்னிகூடத் தேவைப்படவில்லையாம்.

அவர் இதைச் சொன்ன இடம், கோயம்புத்தூரில் சரவணம்பட்டி தாண்டி மேகத்தை முட்டிக்கொண்டு நிற்கும் கொங்குமுடி டவர்ஸின் வாசல். நல்ல உச்சி வெயில். கட்டடத்தில் குடியிருந்த அத்தனை குடும்பமும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர் தீப்பாதுகாப்பு ஆய்வாளர் செல்வராணி. சென்னியப்பனின் தலைமயிரெல்லாம் வெங்காயம். காதில் பேனா செருகியதுபோல ஒரு பச்சை மிளகாய்.

"தோசைன்னா, சாப்பிடுற தோசையா?" என்றார் செல்வராணி.

"சாப்பிடத்தானுங்க ஊத்துனது. பொறவு அதும்பாட்டுக்குப் போயிருச்சு."

"சார், மணல்ல தீய அணைச்சுப் பாத்திருக்கேன். ஈரச் சாக்குல அணைச்சுப் பாத்திருக்கேன். ஒரு கல்யாண வீட்டுல பாயசத்த ஊத்திக்கூட அணைச்சாங்க. தோசைய நான் எதுல சேக்குறது?"

"டிபன்லதானுங்க சேக்கோணும்."

செல்வராணி சிரிக்கவில்லை. "குடியிருக்கவங்க பேச்சு எனக்குச் செல்லாது. வீட்டைக் காப்பாத்திக்க எல்லாரும் எதையாவது சொல்லத்தான் செய்வீங்க. வெளியாள் ஒருத்தர், நான் கண்ணால பாத்தேன்னு சொல்லணும். இல்லேன்னா சுவத்துக்குள்ள அடைஞ்சு கெடக்குறது என்ன சாமான்னு தெரியாம ஒருத்தரையும் நான் உள்ள விட மாட்டேன். அத்தனையும் பேத்தெடுத்து சிமென்ட் வச்சு முடிக்க ஆறு மாசம் ஆகும். அது வரைக்கும் சொந்தக்காரங்க வீட்டுல இருந்துக்குங்க."

சொந்தக்காரர் என்ற சொல் காதில் விழுந்ததும் சென்னியப்பன் காதிலிருந்த மிளகாயைப் பிடுங்கி எறிந்தார். அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் பொள்ளாச்சியில், மச்சான் நாச்சிமுத்துவின் வீடு. வெளியாள் சாட்சி என்று சொன்னால், தோசை நடந்தபோது அடுப்படியில் இருந்த ஒரே வெளியாளும் அதே நாச்சிமுத்துதான்.

நாச்சிமுத்து, சென்னியப்பனின் மனைவி துளசிமணியின் அண்ணன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கையின் கல்யாணத்தன்று தொடங்கி இன்றுவரை மாப்பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சென்னியப்பன் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். நனைந்த கையைத் துடைத்துக்கொண்டே, "மேல்வீட்டுல துணி புழியறாங்க" என்பார்.

தப்பு முழுக்க அவர்மேல் என்றும் சொல்ல முடியாது. சென்னியப்பன் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். அந்த மில்லில் ஒரு நாள் நூற்ற நூலை நிலாவில் முடிச்சுப் போட்டு இழுத்தால் அமாவாசையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்.

அன்று காலை டிபன் நேரத்திலிருந்து சொன்னால்தான் விவரம் புரியும்.

காலையில் நாச்சிமுத்து பொள்ளாச்சியிலிருந்து காலிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். துளசிமணிதான் போன் பண்ணி வரச் சொல்லியிருந்தாள். ஆய்வில் தேறாவிட்டால் சாமான் கட்ட வேண்டுமே.

பதினேழாம் மாடி அடுப்படியில், அடுப்பை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும், வழியில் காற்றுப் படக்கூடாது என்பது அவர் கொள்கை. பச்சைக்கரை வேட்டியை மடியில் இழுத்து விட்டுக்கொண்டார்.

"அதென்ன மாப்ள, தீத்தடுப்புக் குழுத் தலைவருன்னு வாசல்ல போர்டு தொங்குது? தண்ணி பீய்ச்சுவீங்களா?"

"தண்ணி பீய்ச்சறது, மணி அடிக்கறதெல்லாம் வேற ரகம் மச்சான். அதுக்குத் தனியா ஆளிருக்கு. நம்முளது சும்மா இருந்தே தீயத் தடுக்கற ரகம். சுவரு, தானா மூடிக்கற கதவு, சுவத்துல ஒயரும் குழாயும் போற ஓட்டைக்கு அடைப்பு. தீ வந்தா வந்த ரூமோட நின்னுக்கோணும். அடுத்த மாடி ஏறக்கூடாது."

"சும்மாவே இருக்கறது. தேடிப் புடிச்சுத்தான் ஆளைப் போட்டிருக்காங்க."

சென்னியப்பன் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "அந்த அடைப்பு இருக்குது பாருங்க, அதுக்கு உயிரிருக்குது மச்சான். உயிர்ச்சாந்துன்னு பேரு. அந்தக் காலத்துல சிமென்ட்டும் பஞ்சும் வச்சு அடைப்பாங்க. எவனாவது கேபிள் இழுக்கறேன்னு இன்னொரு ஓட்டை போட்டுட்டுப் போயிருவான், யாருக்கும் தெரியாது. இது அப்படியில்ல. நுண்ணுயிர வச்சுப் பண்ணுன சாந்து. புது ஓட்டை போட்டா ரெண்டே நாள்ல தானா வளந்து மூடிக்கும். சூடு பட்டுச்சுன்னா பொங்கும் பாருங்க, ஒண்ணுக்கு நாப்பது மடங்கு. பொங்கிக் கல்லாட்டம் இறுகிக்கும்."

"என்ன தின்னும்?"

"அரிசி களைஞ்ச தண்ணி. மோரு ஊத்துனா சந்தோசப்படும்."

நாச்சிமுத்து தங்கையைப் பார்த்தார். துளசிமணி, "அது மட்டும் நெசந்தாண்ணா" என்றாள். தங்கை சொன்னதால் நம்பினார்.

ஆனால் மச்சானிடம் சென்னியப்பன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. கொங்குமுடிக்காரர்களுக்கு ஓட்டைகள் தேவைப்பட்டன. எல்லா மாடியின் ஒயர்களும் குழாய்களும் அடியிலிருந்து முடிவரை ஒன்றாக ஏறிப்போகும் பெரிய பொந்து ஒன்று கட்டடத்தின் நடுவே இருந்தது. ஒவ்வொரு வீட்டு அடுப்படியும் அதன்மேல்தான் முதுகு சாய்த்திருந்தது. ஒன்பதாம் மாடியிலும் பத்தாம் மாடியிலும் இருந்த இரண்டு ஓரகத்திகளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒருத்தி வைக்கும் ரசமில்லாமல் மற்றவளுக்குச் சோறு இறங்காது. பொந்துச் சுவரில் ஓட்டை போட்டு, கயிற்றில் ரசச் சொம்பு மௌனமாக ஏறி இறங்கும். நாலாம் மாடிக்காரர் ஐந்தாம் மாடிச் சண்டையைக் கேட்க ஓட்டை போட்டிருந்தார். அது நல்ல சண்டை. ஆறாம் மாடிக்காரர்களும் கேட்டார்கள்.

ஓட்டை போடப் போட உயிர்ச்சாந்து மூடிக்கொண்டே வந்தது. ரசச் சொம்பு ஒரு தடவை சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அப்போதுதான் பதினோராம் மாடி டீச்சரம்மா ஒரு கண்டுபிடிப்பு செய்தார்: ஓட்டையைச் சுற்றி விளக்கெண்ணெய் பூசினால் சாந்து கிட்டே வருவதில்லை. விளக்கெண்ணெய் விஷயத்தில் குழந்தைகளுக்கும் அதற்கும் ஒரே கருத்து. ஒரு மாதத்தில் கட்டடம் முழுக்க எண்ணெய். சாந்து ஒவ்வொரு மாடியாகப் பின்வாங்கி, பொந்தின் மூலைமுடுக்கில் சுருண்டு தூங்கிப்போனது.

தானாக மூடிக்கொள்ள வேண்டிய படிக்கட்டுக் கதவுகளின் கதை இன்னும் மோசம். ஏழாம் மாடிக் கதவுக்கு ஓர் ஆட்டுக்கல் முட்டுக் கொடுத்திருந்தது. அதைத் தூக்கி வந்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நகர்த்தும் பலசாலியும் இன்னும் பிறக்கவில்லை.

இதையெல்லாம் பார்க்க வேண்டியவர் சென்னியப்பன்தான். மாதாமாதம் சாந்தைப் போய்ப் பார்ப்பார். லேசாகத் தட்டிக்கொடுத்து, "சௌக்கியமா?" என்று கேட்பார். அப்புறம் வீட்டுக்கு வந்து தன் சொந்த ஓட்டைக்கு விளக்கெண்ணெய் பூசுவார்.

அவர் ஓட்டை அடுப்புக்குப் பக்கத்தில், மூக்கு மட்டத்தில் இருந்தது. டாக்டரும் துளசிமணியும் கூட்டுச் சேர்ந்து அவரைச் சைவமாக்கிய பிறகு, பதினாறாம் மாடி ஜெபகனி ஞாயிற்றுக்கிழமைதோறும் பண்ணும் பள்ளிபாளையம் சிக்கனின் வாசனை மட்டுமே அவருக்கு மிச்சமிருந்தது. அந்த ஓட்டையருகே நின்று மூச்சை இழுத்தபடி தயிர்சாதம் சாப்பிடுவார். முகத்தில் அப்படி ஒரு ஒளி இருக்கும். வீட்டுக்காரருக்குத் தயிர்சாதம் இவ்வளவு பிடிக்கும் என்று துளசிமணி நினைத்திருந்தாள்.

ஆய்வு திங்கட்கிழமை என்று தகவல் வந்ததும் கட்டடமே கதிகலங்கியது. ஓட்டைகளைப் பழுதுபார்க்கக் குடியிருப்போர் சங்கம் தந்திருந்த புதுச் சாந்தைச் சென்னியப்பன் எடுத்து வந்தார். அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். அதன் பிளாஸ்டிக் டப்பா விரிசல் விட்டிருந்ததால் ஓர் எவர்சில்வர் தூக்குப்போசியில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வாசனையைக் கடைசியாக ஒரு தடவை முழுசாகப் பிடித்துவிட்டு, திங்கள் காலையில் ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். வெள்ளையாய், கொழகொழவென்று, மேலே நாலு குமிழியோடு அது ஃபிரிட்ஜில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு தூக்குப்போசி. அதில் தோசை மாவு.

திங்கள் காலை, மச்சான் தோசைக்குக் காத்திருந்த நேரம். ஆய்வாளர் செல்வராணி லிஃப்டில் நேரே மொட்டைமாடிக்குப் போய்விட்டார். மேலிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்குவது அவர் முறை. கையில் ஒரு ஊதுபத்தி. அதை ஏற்றிச் சுவரோரம் பிடிப்பார். புகை நேராக ஏறினால் ஓட்டை இல்லை, உள்ளே இழுத்தால் இருக்கிறது.

கீழே, இரண்டாம் மாடியில், சங்கச் செயலாளர் தலைமையில் ஒரு பூஜை நடந்துகொண்டிருந்தது. லாரியை எஃப்.சி.க்கு அனுப்பும்போதுகூடப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்புகிறோம், இத்தனை குடும்பத்தைக் காப்பாற்றும் சாந்துக்கு ஒன்றும் செய்யாவிட்டால் நன்றாகவா இருக்கிறது என்று யாரோ கேட்க, எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அதற்கு மாவுசாமி என்று பேர் வைத்தாயிற்று. பொந்தின் கதவைத் திறந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மாவுசாமிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் சுற்றி, கற்பூரத்தை ஏற்றிப் பொந்துக்குள்ளேயே வைத்துவிட்டு, பக்தியோடு கதவைச் சாத்தினார்கள்.

இரண்டாம் மாடிக்காரர்கள் அந்தப் பொந்தில் கொலுப் பெட்டி, வைக்கோல் சுற்றிய பொம்மைகள், பழைய இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் வைத்திருந்தது பூஜைக்கு வந்த யாருக்கும் நினைவு வரவில்லை. தீயைத் தடுக்கும் சாமிக்குத் தீயையே படைத்த பெருமை உலகத்திலேயே இவர்களுக்குத்தான்.

மெத்தை பிடித்துக்கொண்டது. தீ மேலே பார்த்தது. மாடிக்கு மாடி ஓட்டை, ஓட்டையைச் சுற்றி விளக்கெண்ணெய். அகல்விளக்குத் திரிக்குக்கூட யாரும் இவ்வளவு தாராளமாக எண்ணெய் விட்டிருக்க மாட்டார்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று அது நிதானமாகப் படியேறியது.

பதினேழாம் மாடியில் துளசிமணி ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு தூக்குப்போசியை எடுத்தாள். மூடியைத் திறந்து மோந்தாள்.

"அண்ணா, மாவு ரொம்பப் புளிச்சுப் போச்சு. வெங்காயம் பச்சை மொளகா போட்டுத் தடிமனா ஊத்தட்டுமா?"

"எப்படியோ ஊத்து அம்மிணி. பசி காதை அடைக்குது."

சென்னியப்பன் கூடத்தில், பழுதுபார்க்கும் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அடுப்படிப் பக்கமிருந்து தீய்ந்த வாசம் வந்தது. மூக்கு தானாக விரிந்தது. திங்கட்கிழமையே ஜெபகனி சிக்கனை அடுப்பில் ஏற்றிவிட்டாள், அதுவும் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது என்று எண்ணி ஆனந்தமாக அடுப்படிக்குள் வந்தார். ஓட்டையில் மூக்கை வைத்து ஒரே இழுப்பு இழுத்தார்.

இருமினார். கண்ணில் நீர் முட்டியது. ஓட்டையிலிருந்து வந்தது கரும்புகை. சிக்கனின் புகையில்லை, இலவம்பஞ்சின் புகை. கீழே எங்கோ தீ மணி அடித்தது. படிக்கட்டில் யாரோ கத்துவதும், ஏழாம் மாடியில் திறந்தே கிடந்த கதவு வழியாகப் புகை புகுந்துவிட்டது என்று இன்னொருவர் கத்துவதும் கேட்டது.

சென்னியப்பன் மூக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மேலே மொட்டைமாடியில் ஒரு பெண்பிள்ளை ஊதுபத்தியோடு நிற்கிறாள். கீழே போக வழியில்லை. தான் மூக்குக்கு வைத்துக்கொண்ட ஓட்டை, இப்போது துளசிமணியின் முகத்தில் புகையை ஊதுகிறது.

"துளசி, அந்தச் சாந்த எடு. ஃபிரிட்ஜ்ல தூக்குப்போசி. வெரசா."

துளசிமணி ஃபிரிட்ஜைத் திறந்து மற்றதைக் கொடுத்தாள். அவர் கையை விட்டு அள்ளி ஓட்டையில் அப்பினார். அது வழிந்து தரையில் சொட்டியது. இன்னொரு கை அப்பினார். அதுவும் வழிந்தது. விரலை நக்கிப் பார்த்தார். உப்புச் சரியாக இருந்தது.

இருவரும் மெதுவாகத் திரும்பி அடுப்பைப் பார்த்தார்கள்.

கல்லில் இருந்தது மூச்சு விட்டது. முதலில் பூரிபோல எழும்பியது. அடுத்து பூசணிக்காய். அதற்கடுத்துக் கல்யாணப் பந்தலின் சமையல் அண்டா. வெங்காயமும் பச்சை மிளகாயும் பதிந்த அதன் வெள்ளை முதுகு உப்பிக்கொண்டே வந்து நாச்சிமுத்துவின் மடியைத் தொட்டது.

"துளசி, எனக்குச் சின்னதாப் போதும்" என்றார் நாச்சிமுத்து.

அது நாற்காலிக்கு அடியில் புகுந்து, அவரை நாற்காலியோடு தூக்கியது. மரியாதையாகத்தான் தூக்கியது. கையில் வெறும் தட்டோடு, கண்ணாடியில் ஆவி படிந்து, சுவாமி புறப்பாடுபோல அவர் மேலே போனார். உச்சந்தலை கூரையில் முட்டியது.

"மச்சான், என்ன தெரியுது?"

"நான் ஃபேனைப் பாக்கறதுக்கு ஏறியிருக்கேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

தோசை புகையை மோப்பம் பிடித்தது. அந்தச் சாந்து பிறந்ததே அதற்குத்தான். மூக்கு மட்டத்து ஓட்டையைக் கண்டுகொண்டு, ஒரு முனையைக் கூராக்கி உள்ளே நுழைந்தது. ஓட்டைக்காரரைக் கொஞ்சமும் கேட்கவில்லை. விளக்கெண்ணெயை முகம் சுளித்துத் தாண்டியது. பசியும் சூடும் சேர்ந்தால் யாருக்குத்தான் ருசி தெரியும்? போகிற போக்கில் நாச்சிமுத்துவின் வேட்டி நுனியையும் வாரிக்கொண்டு போனது. வேட்டி சரசரவென்று சுவருக்குள் போயிற்று. கடைசியில் பச்சைக்கரை ஒரு தடவை ஆடிவிட்டு மறைந்தது. அவர் தட்டைக் கீழே இறக்கி மானத்தை மறைத்துக்கொண்டார்.

பொந்துக்குள் விழுந்த தோசை கீழ்நோக்கிப் பாய்ந்தது. மூலைமுடுக்கில் தூங்கிக்கிடந்த பழைய சாந்தையெல்லாம் உலுக்கி எழுப்பியது. அதுவும் பொங்கியது. மாடிக்கு மாடி ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு வெள்ளை நாக்கு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, உப்பி, இறுகி நின்றது. ஒன்பதாம் மாடியில் ரசக் கயிறு அப்படியே சுவரோடு வார்ப்பாகிவிட்டது. பதினோராம் மாடி டீச்சரம்மா கையில் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு நிற்க, அவர் மூக்குக்கு நேரே வந்து ஒரு கணம் நின்று முறைத்ததாம். இரண்டாம் மாடியில் எரிந்துகொண்டிருந்த மெத்தைமேல் மொத்தமாகப் போய் உட்கார்ந்தது. தீக்கு மூச்சு முட்டியது. புஸ் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மிச்சமிருந்தது மேலே போய், மொட்டைமாடியில் பொந்தின் வாய் வழியாகத் தலையை நீட்டி, ஊதுபத்தி பிடித்துக்கொண்டிருந்த செல்வராணியைப் பார்த்தபடி உறைந்தது. தலையில் ஒரு வெங்காய வளையம் இருந்தது.

சென்னியப்பன், தன் தலையில் வெங்காயம் உதிர உதிர, நாச்சிமுத்துவைக் கூரையிலிருந்து பெயர்த்து இறக்கினார். ஆக, புகை அடங்கி அத்தனை பேரும் வாசலுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. போன உயிர் ஒரு கொலுச் செட்டியார் பொம்மைதான்.

செல்வராணி திரும்பவும் ஆரம்பித்தார். "பொந்து முழுக்க அடைச்சிருக்கு. ஊதுபத்திய வச்சுப் பாத்தேன், ஒரு இழை புகை உள்ள போகல. என் வேலையில இப்படி ஓட்டையே இல்லாத கட்டடத்த நான் பாத்ததில்ல. ஆனா இது எங்கிருந்து வந்துச்சு, என்ன சாந்துன்னு எனக்குச் சாட்சி வேணும். வெளியாள் யாரு?"

எல்லாரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மாப்பிள்ளையின் கட்டம் போட்ட லுங்கியில், வேறு யாரோபோல நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க அடுப்படியில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"தோசை பொங்குனதப் பாத்தீங்களா?"

"ஒரு கரண்டி மாவு இருபத்தொரு மாடிய அடைக்காதுங்க. நிறை அழியாமைன்னு ஒரு விதி இருக்குது. இல்லாத மாவு எங்கிருந்து வரும்?"

"அத்தனையும் காத்து மச்சான். உள்ள பூராவும் காத்து" என்றார் சென்னியப்பன்.

"அது உங்க பேச்சு மாப்ள."

"அப்ப உங்க வேட்டி எங்கீங்க மச்சான்?"

"தொவைக்கப் போட்டிருக்கேன்."

பன்னிரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி, தன் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பச்சைக்கரை நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருப்பதாகவும், இழுத்தால் வரவில்லை என்றும் சொன்னாள். நாச்சிமுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

செல்வராணி பெருமூச்சு விட்டார். "அப்ப நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. எல்லாரும் சாமானக் கட்டுங்க."

கூட்டம் வாடிப்போயிற்று. ஒன்பதாம் மாடி ஓரகத்தி, பத்தாம் மாடி ஓரகத்தியைப் பார்த்து வருஷக்கணக்குக்குப் பிறகு வாயைத் திறந்தாள்: "நீ எங்க போற?" மற்றவள், "எங்கம்மா வீட்டுக்கு. ரசத்துக்கு என்ன பண்ணுவ?" என்றாள். இருவருக்கும் கண் கலங்கியது. ஜெபகனி சென்னியப்பனிடம் வந்து, "அண்ணா, இனி வாசம்கூட மேல வராதே. வீடு திரும்பக் கெடச்சா, நேர்லயே வந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். துளசிமணி தலையைத் திருப்பி, "எந்த வாசம்?" என்றாள். சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார்.

கண்ணெதிரே ஆறு மாதமும் வரிசைகட்டி நின்றன. மச்சான் வீட்டில் ஃபேன் இரண்டுக்கு மேல் ஓடாது. சாப்பிடும்போது பேசக் கூடாது. சாயங்காலமானால் வெப்பவியல். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், மச்சான் மறுப்பார். இன்னொன்று சொல்வார், அதையும் மறுப்பார். நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழப்போன இடத்தில் சட்டென்று வேறொன்று தோன்றியது. ஆறு மாதம் தனக்கு மட்டுமா?

முகம் மலர்ந்தது.

"விடுங்க அம்மணி. மச்சான் வீட்டுக்கே போறோம். அதுவும் நல்லதுக்குத்தான். மச்சானுக்கு இப்ப அதிர்ச்சியில மறந்து போயிருக்குது. தெனமும் காலையில காப்பி குடிக்கறப்ப, மொதல்ல இருந்து ஒருக்கா இந்தக் கதையச் சொல்றேன். மத்தியானம் சோத்துக்கு ஒருக்கா. மச்சானோட பழைய மாணவருங்க வருவாங்கல்ல, அவங்க வர்றப்பெல்லாம் ஒருக்கா. வேட்டி போன எடம் வர்றப்ப எந்திரிச்சு நின்னு நடிச்சே காமிச்சர்றேன்."

நாச்சிமுத்து லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"தட்டோட ஒரு ஆள் கூரையில நிக்கறாருன்னு சொன்னா, பொள்ளாச்சியில எல்லாத்துக்கும் புடிக்கும்" என்று சென்னியப்பன் மேலும் யோசித்தார். "ஆறு மாசத்துல கதை நல்லா வளந்துரும். இப்பத்தான் இருபத்தொரு மாடி."

துளசிமணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் லுங்கியைப் பார்த்தார். பிறகு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடி விளிம்புக்கு மேலே வெள்ளையாக ஒரு தலை தெரிந்தது. நாலைந்து காக்கைகள் அதைக் கொத்திப் பார்த்துவிட்டு அலகு வலித்துப் பறந்தன.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல முதுகை நிமிர்த்தினார்.

"எழுதிக்குங்கம்மா" என்றார் செல்வராணியிடம். "நடந்தது நெசம். என்ற தங்கச்சி உயிர்ச்சாந்த மாவுன்னு நெனச்சுக் கல்லுல ஊத்துனா. அது பொங்குச்சு. என்னையத் தூக்குச்சு. ஓட்டையில பூந்து தீய அணைச்சுது. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்."

சென்னியப்பனுக்கு மார்பு விம்மியது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக மச்சான் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஓரடி முன்னால் வந்தார்.

நாச்சிமுத்து விரலை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"ஆனா ஒரு திருத்தம். மாப்ள சொல்றது தப்பு. அது தோசையில்ல. ஊத்தப்பம்."